கேமல் 3-லிருந்து 4-க்கு: எதை முதலில் மாற்றுவது, எது சத்தமில்லாமல் உடையும்

வெவ்வேறு சிஸ்டம்களுக்கு நடுவே செய்திகளைக் கடத்தும் ஜாவா கட்டமைப்பான அப்பாச்சி கேமலின் 4.0 வந்தது 2023 ஆகஸ்டில். 3-வரிசையின் கடைசி எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பான 3.22-க்கு அறிவித்திருந்த ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்தது. இன்னும் 3.14-இலேயே நிற்கும் சிஸ்டம்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஜாவா 8-இல் ஓடிய கடைசிப் பதிப்பு அது.

ரூட் (செய்தி எங்கிருந்து எங்கே போகிறது என்ற வழி) எழுதும் முறை 4-இல் பெரிதாக மாறவில்லை. மாறியிருப்பது அடித்தளம். ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை, ஸ்பிரிங் பூட் 3 கட்டாயம், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ்கள் ஜகார்த்தாவாகிவிட்டன. இவை மூன்றையும் கேமலையும் ஒரே பிராஞ்ச்சில் ஒன்றாக மாற்றினால், எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் பாதிக்கு மேற்பட்ட வேலையை 3.22-இல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்கானது.

எந்தப் பதிப்புக்குப் போவது

எல்டிஎஸ் முத்திரை உள்ள பதிப்பை மட்டும் குறிவையுங்கள். 4-வரிசையில் 4.0, 4.4, 4.8, 4.10, 4.14 ஆகியவை அப்படிப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய ஓராண்டுதான், அதனால் இன்று 4.0-க்கோ 4.4-க்கோ மாறுவதில் பயனில்லை. இப்போது ஆதரவில் இருக்கும் எல்டிஎஸ்ஸின் கடைசித் திருத்தப் பதிப்பை எடுங்கள். இடையில் உள்ள எல்லாப் பதிப்புகளிலும் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் 4.0-லிருந்து உங்கள் இலக்கு வரை ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள அப்கிரேடு வழிகாட்டியை ஒன்றுவிடாமல் படித்தாக வேண்டும்.

ஸ்பிரிங் பூட் பதிப்பும் இதோடு கட்டுண்டது. 4.4-க்கு பூட் 3.2, 4.8-க்கு 3.3, 4.10-க்கு 3.4, 4.14-க்கு 3.5. பூட்டை மட்டும் ஒரு படி மேலே தள்ளினால் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது மெத்தட் இல்லை என்று விழும். கேமல் ஸ்பிரிங் பூட் பாம் (ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளின் பட்டியல்) தரும் பதிப்புகளை விட்டு விலகாதீர்கள்.

திருத்தப் பதிப்பை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 மார்ச்சில் சிவிஇ-2025-27636 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வெளியிலிருந்து வரும் ஹெடர்களில் கேமல் என்று தொடங்குபவற்றை வடிகட்ட வேண்டிய ஃபில்டர், எழுத்துகளைப் பெரியதும் சிறியதுமாகக் கலந்து எழுதினால் ஏமாந்துவிட்டது. எந்த மெத்தடைக் கூப்பிடுவது என்று பீன் காம்போனெண்ட்டுக்குச் சொல்லும் உள் ஹெடரை வெளியாள் ஒருவர் எச்டிடிபி வழியாகத் திணிக்க அது இடம் கொடுத்தது. திருத்தம் 4.10.2, 4.8.5, 3.22.4 ஆகியவற்றில் வந்தது. 4.10.1-இல் நின்றவருக்கும் 4.10.2-க்குப் போனவருக்கும் பெயரளவில் வித்தியாசம் ஓர் எண்தான்.

ஓஎஸ்ஜிஐ (ஜாவா நிரலைப் பண்டில்களாகப் பிரித்து ஓட்டும் முறை) சர்வரான கராஃபில் ஓடும் சிஸ்டம் என்றால் தனியாக யோசிக்க வேண்டும். ஓஎஸ்ஜிஐ ஆதரவைக் கேமல் குழு 4-இல் கைவிட்டது. அந்தப் பகுதி இப்போது அப்பாச்சி கராஃப் குழுவின் கையில், அவர்களுடைய கால அட்டவணைப்படி வெளிவருகிறது. எங்கள் கருத்தில், ஓஎஸ்ஜிஐயின் பண்டில் பிரிப்பு உங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டால் ஒழிய, இந்த அப்கிரேடோடு ஸ்பிரிங் பூட்டுக்கோ குவார்க்கஸுக்கோ மாறிவிடுவது நல்லது.

முதல் கட்டம்: 3.22, ஜாவா 17, பூட் 2.7

மேவனின் டிபெண்டன்சி ட்ரீயை ஒரு கோப்பில் கொட்டி, கேமல் என்று தொடங்கும் எல்லா ஜார்களையும் பட்டியலிடுங்கள். 4-இல் நீக்கப்பட்டவற்றை அதில் தேடுங்கள். பெரும்பாலான புராஜெக்ட்களில் அகப்படுபவையும் அவற்றுக்கு மாற்றும் இவை:

- ரேபிட்எம்க்யூ: ஸ்பிரிங்-ரேபிட்எம்க்யூ
- விஎம்: சேடா
- டைரக்ட்-விஎம்: டைரக்ட்
- டோசர்: மேப்ஸ்ட்ரக்ட்
- எக்ஸ்ஸ்ட்ரீம்: ஜாக்சன் எக்ஸ்எம்எல்
- ஓப்பன்டிரேசிங், ஜிப்கின்: ஓப்பன்டெலிமெட்ரி
- எலாஸ்டிக்சர்ச்-ரெஸ்ட்: எலாஸ்டிக்சர்ச்
- ஜேயூனிட் 4 சார்ந்த டெஸ்ட் மாட்யூல்கள்: ஜேயூனிட் 5 மாட்யூல்கள்

வலப்பக்கம் உள்ளவை எல்லாம் 3.22-இலேயே இருக்கின்றன. இந்த மாற்றங்களைப் பழைய மண்ணிலேயே செய்து, டெஸ்ட் ஓட்டி, புரொடக்ஷனுக்கே அனுப்பிவிடலாம். பிறகு 4-க்குத் தாண்டும்போது சந்தேகப்பட வேண்டிய பொருள்கள் குறையும்.

பட்டியலில் இரண்டு மட்டும் பெயர் மாற்றத்தோடு முடிவதில்லை. முதலாவது விஎம். ஒரே ஜேவிஎம்முக்குள் இருக்கும் இரண்டு கேமல் கான்டெக்ஸ்ட்களுக்கு (ரூட்களைத் தாங்கி ஓட்டும் சூழல்கள்) நடுவே விஎம் செய்தி கடத்தும். சேடாவுக்கு ஒரு கான்டெக்ஸ்ட்தான் எல்லை. டாம்கேட்டில் இரண்டு வார் கோப்புகள் விஎம் வழியாகப் பேசிக்கொண்டிருந்தால், இரண்டையும் ஒரே கான்டெக்ஸ்ட்டாக்க வேண்டும், இல்லையேல் நடுவில் ஒரு மெசேஜ் புரோக்கரை வைக்க வேண்டும். சேடா என்று மாற்றி எழுதினால் அனுப்பும் பக்கம் எந்தப் புகாரும் இல்லாமல் க்யூவில் போட்டுக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது. க்யூ நிரம்பிய பிறகுதான் தெரியவரும்.

இரண்டாவது ரேபிட்எம்க்யூ. க்யூ என்ற ஆப்ஷன் க்யூஸ் என்றாகிறது, இணைப்பு விவரங்கள் யூஆர்ஐயிலிருந்து கனெக்ஷன் ஃபேக்டரி பீனுக்குப் போகின்றன. இவை கண்ணில் படும். படாதது இது: பழைய காம்போனெண்ட் அனுப்பும் பக்கத்திலும் எக்ஸ்சேஞ்சையும் (செய்தியை வாங்கி க்யூக்களுக்குப் பிரித்துவிடும் புரோக்கர் பகுதி) க்யூவையும் தானே உருவாக்கி பைண்ட் செய்துவிடும். புதியது ஆட்டோடிக்ளேர்ப்ரொட்யூசர் என்ற ஆப்ஷனைத் தந்தால்தான் செய்யும். எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் 404 வரும், கண்டுபிடித்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் இருந்து க்யூ பைண்ட் ஆகாமல் இருந்தால் புரோக்கர் செய்தியை வாங்கிக் கீழே போட்டுவிடும். லாகில் ஒரு வரிகூட இருக்காது. புதிய சூழலில், அதாவது காலியான ரேபிட்எம்க்யூவில், ஒருமுறையாவது டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். பழைய புரோக்கரில் க்யூக்கள் ஏற்கெனவே இருப்பதால் இந்தக் குறை அங்கே தெரியாது.

அடுத்து ஜாவா 17. இன்அக்சஸிபிள்ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன் வந்தால், ஏதோ ஒரு பழைய லைப்ரரி ஜேடிகேயின் உள்பகுதியை ரிஃப்ளெக்ஷன் வழியாகத் தொடுகிறது என்று பொருள். ஆட்-ஓப்பன்ஸ் ஃபிளாக் போட்டு அந்த நேரத்துக்குச் சமாளிக்கலாம், ஆனால் அந்த லைப்ரரியின் பெயரைக் குறித்துவைத்துப் புதுப்பியுங்கள். இன்டெக்ரேஷன்காரர்களைத் தனியாகத் தாக்கும் இன்னொன்று டிஎல்எஸ். ஜாவா 17-இல் டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளன. பழைய சாதனங்களோ, ஆண்டுக்கணக்கில் தொடாத பார்ட்னர் சர்வர்களோ எதிர்ப்பக்கம் இருந்தால் எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் பிழை வரும். ஜாவா செக்யூரிட்டி கோப்பில் முடக்கப்பட்ட அல்காரிதம் பட்டியலைத் திருத்தி மீண்டும் திறக்கலாம். அது அந்த ஜேவிஎம்மின் எல்லா இணைப்புகளுக்கும் கதவைத் திறந்துவிடும், அதனால் பார்ட்னரிடம் 1.2 கேட்பதே சரி. அந்தக் கடிதப் போக்குவரத்துக்குத்தான் நாள் பிடிக்கும், முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

நேராக ஜாவா 21-க்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: ஜாவா 18-லிருந்து இயல்பு கேரக்டர் செட் யுடிஎஃப்-8. விண்டோஸ் சர்வரில், கேரக்டர் செட் குறிப்பிடாத ஃபைல் ரூட் ஒன்று விண்டோஸ்-1252 சிஎஸ்வியைப் படித்துக்கொண்டிருந்தால், பெயர்களில் உள்ள ஐரோப்பிய எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாகிவிடும். ஃபைல் எண்ட்பாயிண்ட்கள் ஒவ்வொன்றிலும் சார்செட் ஆப்ஷனை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கேமல் 4.4-லிருந்து ஜாவா 21 முறைப்படி ஆதரிக்கப்படுகிறது.

இரண்டாம் கட்டம்: தாண்டுதல்

இப்போது கேமல் பாம், பூட் 3, ஜகார்த்தா மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். இவை பிரிக்க முடியாதவை.

ஜாவாஎக்ஸ் என்று வரும் இடமெல்லாம் ஜகார்த்தா என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வம்பு. மாற வேண்டியவை: ஜேஎம்எஸ், பெர்சிஸ்டன்ஸ், சர்வ்லெட், வேலிடேஷன், டிரான்சாக்ஷன், எக்ஸ்எம்எல் பைண்ட், எக்ஸ்எம்எல் டபிள்யூஎஸ், டபிள்யூஎஸ் ஆர்எஸ், மெயில். மாறக் கூடாதவை ஜேடிகேவுக்குச் சொந்தமானவை: எஸ்கியூஎல், நேமிங், கிரிப்டோ, நெட் எஸ்எஸ்எல், மேனேஜ்மென்ட், எக்ஸ்எம்எல் பார்சர்ஸ், எக்ஸ்எம்எல் டிரான்ஸ்ஃபார்ம், எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸ். டிரான்சாக்ஷனுக்கு உள்ளேயே எக்ஸ்ஏ என்ற பிரிவு மட்டும் பழைய பெயரில் ஜேடிகேயில் இருக்கிறது. ஓப்பன்ரீரைட் கருவியின் ஜகார்த்தா ரெசிபி இந்த வேறுபாடுகளை அறியும். கேமலுக்கென்றே அப்கிரேடு ரெசிபிகளும் உண்டு, 4.9-லிருந்து கேமல் சிஎல்ஐயின் அப்டேட் கட்டளை வழியாக ஓட்டலாம். ஓட்டியபின் வரும் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) ஆள் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்தோ எக்ஸ்எஸ்டியிலிருந்தோ உருவான கிளாஸ்களைக் கையால் திருத்தாதீர்கள். சிஎக்ஸ்எஃப் 4 பிளகின் கொண்டு மறுபடி உருவாக்குங்கள். டபிள்யூஎஸ்டிஎல் தொலைந்துபோய், உருவான கிளாஸ் மட்டும் ஒரு ஜாராக மிஞ்சியிருக்கும் புராஜெக்ட்கள் உண்டு. அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஜேஎம்எஸ்ஸில் மாறுவது கிளையண்ட் ஜார் மட்டுமே. ஆக்டிவ்எம்க்யூ 5.18-இல் ஜகார்த்தாவுக்கான தனி கிளையண்ட் வந்தது, 6-வரிசை முழுக்கவே ஜகார்த்தா. கேமலிலும் அதற்கென்று ஆக்டிவ்எம்க்யூ6 என்ற காம்போனெண்ட் 4.7-இல் சேர்ந்தது. ஆர்ட்டெமிஸுக்கு ஆர்ட்டெமிஸ்-ஜகார்த்தா-கிளையண்ட். ஐபிஎம் எம்க்யூவுக்கு 9.3-லிருந்து ஆல்கிளையண்டுக்குப் பக்கத்தில் ஜகார்த்தா கிளையண்ட் என்று வேறு ஜார் தருகிறார்கள். கம்பியில் ஓடும் புரோட்டோகால் அதேதான். அதனால் புரோக்கர் சர்வரை இதற்காகத் தொட வேண்டியதில்லை. புரோக்கர் டீமிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

கேமலின் சொந்த மாற்றங்கள் கம்பைலரே காட்டிக்கொடுப்பவை. கான்டெக்ஸ்ட்டை அடாப்ட் மெத்தட் வழியாக விரிவாக்கிய வடிவுக்கு மாற்றும் வரிகளுக்குப் பதில் கெட்கேமல்கான்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ஷன், கேமலின் எக்ஸ்சேஞ்சுக்கு (ரூட்டில் செய்தியைச் சுமந்து செல்லும் பொருள், ரேபிட்எம்க்யூவின் எக்ஸ்சேஞ்ச் அல்ல) கெட்எக்ஸ்சேஞ்ச்எக்ஸ்டென்ஷன். இன்ஒன்லி, இன்அவுட் என்ற தனி ஸ்டெப்கள் போய்விட்டன, செட்எக்ஸ்சேஞ்ச்பேட்டர்ன் போடுங்கள். எக்ஸ்எம்எல் ரூட்களில் டிஸ்கிரிப்ஷன் தனி எலிமெண்ட்டாக இருந்தது, இப்போது ஆட்ரிபியூட். இவற்றில் கம்பைலரிடம் சிக்காத ஒன்று: பீனின் மெத்தட் ஆப்ஷனில் பாராமீட்டர் வகைகளை ஸ்ட்ரிங்காக எழுதியிருந்தால், ஒவ்வொரு வகையின் கடைசியிலும் புள்ளி கிளாஸ் என்று சேர்க்க வேண்டும்.

பழைய ஜாவாஎக்ஸ் ஜார்கள் வேறொரு லைப்ரரியின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். மேவன் என்ஃபோர்சரின் பேண்ட் டிபெண்டன்சிஸ் விதியில் அவற்றைத் தடைசெய்து, பில்டே விழும்படி செய்யுங்கள். ஏன் இவ்வளவு கறார் என்றால், அந்த ஜார் கிளாஸ்பாத்தில் இருக்கும்வரை பழைய இம்போர்ட் கம்பைல் ஆகும், ஆனால் வேலை செய்யாது. டிரான்சாக்ஷனல் அனோட்டேஷனை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 6 பார்ப்பது ஸ்பிரிங்கின் சொந்த அனோட்டேஷனையும் ஜகார்த்தா அனோட்டேஷனையும் மட்டும். ஒரு கிளாஸில் ஜாவாஎக்ஸ் இம்போர்ட் தப்பியிருந்தால் அந்த மெத்தடுக்கு டிரான்சாக்ஷனே கிடையாது. ஆர்டர் டேபிளில் வரி ஏறும், அடுத்த டேபிளில் பிழை, ரோல்பேக் நடக்காது. எல்லாம் சரியாகப் போகும் டெஸ்ட் இதைப் பிடிக்காது. இரண்டாவது இன்சர்ட் வேண்டுமென்றே விழும்படி ஒரு டெஸ்ட் எழுதி, முதல் வரி மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

புரொடக்ஷனில்தான் தெரியும் மாற்றங்கள்

எச்டிடிபி காம்போனெண்ட் இப்போது அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் 5-இன் மேல் நிற்கிறது. சாக்கெட்டைம்அவுட் என்ற ஆப்ஷன் நீக்கப்பட்டது, அதற்குப் பதில் ரெஸ்பான்ஸ்டைம்அவுட். இணைப்புக்கான காத்திருப்பு இயல்பாக 3 நிமிடம். பதிலுக்கான காத்திருப்புக்கு, நீங்கள் எண் தராவிட்டால், வரம்பே இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எச்டிடிபி எண்ட்பாயிண்ட்டின் யூஆர்ஐயில் தனக்குத் தெரியாத பெயர் வந்தால் கேமல் அதைப் பிழை என்று சொல்லாது, எதிர்ப்பக்கத்துக்கு க்வெரி பாராமீட்டராக அனுப்பிவிடும். ரெஸ்பான்ஸ்டைம்அவுட்டில் ஓர் எழுத்து பிசகினால் டைம்அவுட் இல்லாத ரூட் ஒன்று பார்ட்னருக்கு விநோதமான பாராமீட்டர் அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் தராமல் இழுக்கும் ஒரு போலி சர்வரை வைத்து ஒவ்வொரு எண்ட்பாயிண்ட்டையும் சோதியுங்கள்.

மைக்ரோமீட்டர் மெட்ரிக் பெயர்கள் மாறிவிட்டன. கேமல்எக்ஸ்சேஞ்சஸ்சக்சீடட் என்று ஒட்டி எழுதியவை, புள்ளி வைத்துப் பிரித்த சிறிய எழுத்துப் பெயர்களாகிவிட்டன. கிராஃபானா போர்டு வெறுமையானால் யாராவது கேட்பார்கள். அலர்ட் விதி வெறுமையானால் யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. பழைய பெயர்களுக்கான லெகசி நேமிங் ஸ்ட்ராட்டஜி இருக்கிறது. அப்கிரேடு நாளில் அதைப் போட்டுவிட்டு, போர்டுகளைப் பிறகு சாவகாசமாக மாற்றுங்கள்.

ஜேபிஏ பயன்படுத்தினால் ஹைபர்னேட் 6 சீக்வென்ஸ் பெயரை மாற்றும். எல்லா என்டிட்டிக்கும் பொதுவாக இருந்த ஹைபர்னேட் சீக்வென்ஸுக்குப் பதில், என்டிட்டி பெயரோடு எஸ்இக்யூ சேர்த்துத் தேடும். டேட்டாபேஸில் அது இருக்காது. பெயரிடும் ஸ்ட்ராட்டஜியை லெகசி என்று வைத்தால் பழையபடி ஓடும்.

ஸ்பிரிங் பூட் 3-இல் யூஆர்எல் கடைசியில் வரும் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் வழக்கம் நின்றுவிட்டது. சொந்த ஆட்டோகான்ஃபிகரேஷன் எழுதியிருந்தால் ஸ்பிரிங் ஃபேக்டரிஸ் கோப்பில் அதைத் தேட மாட்டார்கள், இம்போர்ட்ஸ் கோப்புக்கு மாற்ற வேண்டும். பெயர் மாறிய பிராப்பர்ட்டிகளைக் காட்ட ப்ராப்பர்ட்டீஸ் மைக்ரேட்டர் என்ற டிபெண்டன்சியைத் தற்காலிகமாகச் சேர்த்து ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும்.

தாண்டிய பின் எடுத்துக்கொள்ள வேண்டியவை

புதிய வசதிகளில் அன்றாட ரூட்டை உண்மையாகவே சுத்தமாக்குவது 4.4-இல் வந்த வேரியபிள்கள். ஆர்டர் செய்தி வருகிறது, வாடிக்கையாளர் விவரத்தை இன்னொரு சர்வீஸிடம் கேட்க வேண்டும், கேட்ட பிறகும் மூல ஆர்டர் பாடியிலேயே இருக்க வேண்டும். 3-இல் இதற்கு என்ரிச் போட்டு, மூலச் செய்தியைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் அக்ரிகேஷன் ஸ்ட்ராட்டஜி கிளாஸ் எழுதுவார்கள். அல்லது பாடியை ஒரு ஹெடரில் ஒளித்துவைப்பார்கள், அந்த ஹெடர் அப்படியே காஃப்காவுக்கும் ஜேஎம்எஸ்ஸுக்கும் போய்ச் சேரும். இப்போது கூப்பிடும் ஸ்டெப்பில் வேரியபிள்ரிசீவ் என்று ஒரு பெயர் தந்தால் பதில் அந்த வேரியபிளுக்குள் போய்விடும். பாடியும் ஹெடரும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். வேரியபிள்சென்ட் தந்தால், பாடிக்குப் பதில் வேரியபிளில் இருப்பது அனுப்பப்படும். வேரியபிள்கள் எண்ட்பாயிண்ட் தாண்டி வெளியே கசியாது. இயல்பாக அந்த எக்ஸ்சேஞ்சோடு வாழ்ந்து முடியும், குளோபல் என்று முன்னொட்டு சேர்த்தால் கான்டெக்ஸ்ட் முழுவதற்கும் பொது.

ஓப்பன்ஏபிஐ கோப்பு ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு 4.6-இல் வந்த கான்ட்ராக்ட்-ஃபர்ஸ்ட் ரெஸ்ட் பயன்படும். கோப்பின் பெயரைத் தந்துவிட்டு, ஒவ்வொரு ஆபரேஷன் ஐடிக்கும் அதே பெயரில் ஒரு டைரக்ட் ரூட் எழுதினால் போதும். 4.9-இல் வந்த அப்சர்வபிலிட்டி சர்வீசஸ் ஹெல்த், மெட்ரிக்ஸ், டிரேசிங் மூன்றையும் ஒரே டிபெண்டன்சியில் தருகிறது.

ஜாவா 21-இல் விர்ச்சுவல் திரெட்களை ஜேவிஎம் பிராப்பர்ட்டி ஒன்றால் இயக்கலாம். இதற்கு அவசரப்பட வேண்டாம். சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருக்கும் விர்ச்சுவல் திரெட், 21-இல் தன்னைத் தாங்கும் உண்மைத் திரெட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பழைய ஜேடிபிசி டிரைவரோ மெசேஜிங் கிளையண்டோ அப்படி எழுதப்பட்டிருந்தால் வேகம் கூடுவதற்குப் பதில் ரூட் உறைந்து நிற்கலாம். இந்தக் குறை ஜாவா 24-இல் நீக்கப்பட்டது.

மாற்றும் நாள்

பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒன்றாக ஓடும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். க்யூ என்றால் சிக்கலில்லை, இரண்டும் போட்டி போட்டு எடுக்கும். ஃபைல் டைரக்டரி என்றால் ரீட்லாக் இல்லாமல் இரண்டும் ஒரே கோப்பை எடுத்துவிடும். இரண்டுக்கும் பொதுவான டேட்டாபேஸ் ஐடெம்போட்டென்ட் ரெப்பாசிட்டரி (ஏற்கெனவே எடுத்தவற்றின் பதிவேடு) வைத்து, ரீட்லாக்கையும் ஐடெம்போட்டென்ட் என்று அமையுங்கள்.

அக்ரிகேட்டர் (பல செய்திகளை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டெப்) தன் பாதி நிரம்பிய குழுக்களை டேட்டாபேஸில் வைத்திருந்தால், அவை ஜாவா சீரியலைசேஷனில் எழுதப்பட்டவை. 3 எழுதியதை 4 படிக்கும் என்று நம்பாதீர்கள். உள்வரும் ரூட்டை நிறுத்தி, கம்ப்ளீஷன் டைம்அவுட் கடக்கும்வரை விட்டு, டேபிள் காலியானதைப் பார்த்துவிட்டு மாறுங்கள். ஜேஎம்எஸ் ஆப்ஜெக்ட் மெசேஜ்கள் க்யூவில் தேங்கியிருந்தாலும் அதே வைத்தியம்தான். திரும்பிப் போக நேர்ந்தால் எதிர்த்திசையிலும் இந்தக் காலியாக்கல் தேவைப்படும், ரோல்பேக் ரன்புக்கில் அதைத் தனி ஸ்டெப்பாக எழுதி, கம்ப்ளீஷன் டைம்அவுட் எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.